பள்ளியிற் பயிலும் கல்லூரி இரசாயனம்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவில் வாழும் எம் சிற்றன்னையார் தம் மகளுடன் விடுமுறைக்காக எம் இல்லம் வந்திருந்தார். அப்பெண் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பை அப்பொழுதுதான் முடித்திருந்தாள். உறவினர்க்கெனக் கொணர்ந்த பொருள்கள் நிறைந்த பெட்டியின் அடியிலே கறுப்பு அட்டையிட்ட குறிப்பேடு ஒன்று இருந்தது. அதனை எவரும் தொடுதற்கு அவள் இசைந்திலள். அது யாதென வினவினோம். பள்ளியில் இருந்தவாறே தான் ஓராண்டு பயின்ற கல்லூரி இரசாயனத்தின் ஆய்வுக் குறிப்பேடு அது என்றும், சேரவிருக்கும் கல்லூரியார் அதனைக் காட்டுமாறு கேட்பினும் கேட்பர் எனத் தன் ஆசிரியர் சொல்லியிருக்கின்றார் என்றும் கூறினாள். பள்ளியிலே கல்லூரிப் பாடம் என்பது எமக்குப் புதுமையாகத் தோன்றியது. அதனைப் பற்றி அவளிடம் கேட்டறிந்தவற்றையும், பின்னர் யாமே தேடிப் படித்தவற்றையும் நம் கல்லூரி நண்பர்க்கு உரைக்க விழைந்தே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம்.

சேனாவரையருடன் மல்லாடும் தமிழ் மாணவர்க்கு இரசாயனத்தில் யாது வேலை என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். யாமும் மேனிலைப் பள்ளியில் இரண்டாண்டு இரசாயனம் பயின்றவரே. அவ்விரண்டாண்டில் யாம் கற்றது யாது, கல்லாது விட்டது யாது என்பது அக்கறுப்புக் குறிப்பேட்டைப் புரட்டிய பின்னரே எமக்குத் தெளிவாயிற்று. சேனாவரையர் இதில் எங்ஙனம் வந்து புகுந்தார் என்பது பின்னர் விளங்கும்.

முதற்கண் இப்பாடத்தின் வரலாற்றைச் சிறிது கூறுதும். அமெரிக்காவிலே 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்வியாளர் சிலர்க்கு ஒரு குறை புலனாயிற்று. நல்ல பள்ளிகளின் இறுதி வகுப்பிற் கற்றவற்றையே மாணவர் கல்லூரியின் முதலாண்டில் மீட்டும் கற்று, காலத்தையும் ஊக்கத்தையும் இழந்தனர். ஃபோர்டு அறநிலையம் நிறுவிய கல்வி நிதியின் துணைகொண்டு ஆண்டோவர், எக்ஸிட்டர், லாரன்ஸ்வில் என்னும் மூன்று பள்ளிகளும், ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் என்னும் மூன்று பல்கலைக்கழகங்களும் ஒருங்கு கூடி இக்குறையை ஆராய்ந்தன. அவ்வாராய்ச்சியின் அறிக்கை 1952இல் வெளிவந்தது. அதே காலத்தில் கெனியன் கல்லூரித் தலைவர் கார்டன் சால்மர்ஸ் என்பார் முன்னின்று, கல்லூரிகள் பலவற்றை ஒன்றுசேர்த்து, பள்ளியிலேயே கல்லூரிப் பாடத்தைக் கற்பித்துத் தேர்வும் நடத்தலாம் என ஒரு முறையை வகுத்தார். 1900இல் தோன்றிய காலேஜ் போர்டு என்னும் அமைப்பு, 1955இல் இம்முறையைத் தன்பால் ஏற்றுக்கொண்டது. 1956ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் முதல் தேர்வை எழுதியவர் 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவரே. ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்’ என அம்முறைக்குப் பெயர். முதற்படியிலே நிறுத்தாமல் மேற்படியிலே கொண்டுபோய் அமர்த்துதல் என அப்பெயர்க்குப் பொருள் கொள்ளலாம். இரசாயனம் தொடக்க முதலே அதில் இடம்பெற்ற பாடங்களுள் ஒன்று.

மறு ஆண்டாகிய 1957இல் ருஷ்யர் விண்ணில் ஸ்புட்னிக்கை ஏவினர். அமெரிக்கர் தம் பள்ளிகளில் அறிவியல் எந்நிலையில் உள்ளது எனத் திடுக்கிட்டு நோக்கினர். 1958இல் அதன்பொருட்டுச் சட்டம் ஒன்று இயற்றிப் பொருளை வழங்கினர். நோபல் பரிசு பெற்ற கிளென் சீபோர்க் என்னும் இரசாயன அறிஞரின் தலைமையில், பள்ளி இரசாயனத்தை அடியோடு புதுக்கும் முயற்சி 1960இல் தொடங்கியது. ஜார்ஜ் பிமெண்டல் என்பார் பதிப்பித்த அதன் பாடநூல் 1963இல் வெளிவந்தது. இரசாயனம் செய்முறையாற் கற்கத்தக்கதோர் அறிவியல் என்பது அந்நூலின் பெயரிலேயே அமைந்துள்ளது. பேரறிஞர்கள் சிறுவர்க்கான பாடநூல் எழுத உட்கார்ந்த அக்காலத்தை எண்ணின் எமக்குச் சற்றுப் பொறாமையே உண்டாகின்றது.

இனிப் பாடத்திற்கு வருவோம். இதனைக் கற்கப் புகுவோர் அதற்கு முன் ஓராண்டு எளிய இரசாயனமும், இயற்கணிதத்தின் இரண்டாம் பகுதியும் கற்றிருத்தல் வேண்டும் என்பது காலேஜ் போர்டின் அறிவுரை. அவ்வெளிய இரசாயனத்தைத் தாண்டிக்குதித்து நேரே இதிற் புகுவோரும் உளர். அங்ஙனம் புகுந்த தன் தோழியர் இருவர் நவம்பர் மாதத்திற்குள் மீண்டுவிட்டனர் என எம் தங்கை கூறினாள். பாடம் ஒன்பது அலகுகளாக வகுக்கப்பட்டுள்ளது. அணுவின் அமைப்பில் தொடங்கி, சேர்மங்களின் அமைப்பு, மூலக்கூறுகளிடையே நிகழும் ஈர்ப்பு, வினைகள், வினைகளின் வேகம், வெப்பம், சமநிலை, அமிலமும் காரமும் என நடந்து, வெப்ப இயக்கவியலிலும் மின்வேதியியலிலும் முடிகின்றது. கற்பிக்கும் காலத்தில் நாலில் ஒரு பங்கு ஆய்வுச்சாலையில் கழிதல் வேண்டும். பதினாறு ஆய்வுகளேனும் செய்தல் வேண்டும். அவற்றுள் ஆறிலேனும், செய்ய வேண்டிய முறையை மாணவர் தாமே தேடிக் காணுமாறு விடுதல் வேண்டும். ஆண்டு முழுவதும் கற்றதற்கு மே மாதத்தில் ஒரே தேர்வு. தொண்ணூறு நிமிடத்தில் விடை தெரிந்தெடுக்கும் வினாக்கள் 60. நூற்றைந்து நிமிடத்தில் எழுதி விடையிறுக்கும் வினாக்கள் 7. இவ்விரு பகுதிக்கும் சம மதிப்பு. முடிவு 1 முதல் 5 வரையுள்ள ஓர் எண்ணாக வரும், 5 தலையாயது. 2025 முதல் முதற்பகுதி கணினியிலே நிகழ்கின்றது. இரண்டாம் பகுதிக்கு இன்னும் பேனாவும் தாளும் உண்டு. கல்லூரி ஆசிரியரும் பள்ளி ஆசிரியரும் ஜூன் மாதத்தில் அவ்விடைகளைப் படித்து மதிப்பிடுவர்.

இப்பாடப் பட்டியலைக் கேட்ட அளவில் எமக்கு ஏமாற்றமே உண்டாயிற்று. இவற்றுட் பெரும்பகுதி நம் பிளஸ் டூ பாடநூல்களில் இல்லையா? அணு அமைப்பும் உண்டு, சமநிலையும் உண்டு, வினைவேகமும் உண்டு. கரிம இரசாயனமோ அவர்கள் பாடத்தில் ஏறக்குறைய இல்லவேயில்லை. நம் பாடத்திலோ அதற்குப் பெரும்பங்கு உண்டு. பொருளடக்கத்தை மட்டும் எடைபோட்டால் நம் தட்டே தாழும். அவ்வாறாயின் அதனைக் கல்லூரிப் பாடம் என்பது எற்றுக்கு? இவ்வினாவிற்கு விடை, வினாத்தாளைக் கண்டபோதே கிடைத்தது.

சோடியத்தின் அணுவினின்று ஓர் எலக்ட்ரானை நீக்குதற்கு ஒரு மோலுக்கு 496 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். பொட்டாசியத்திற்கு 419 போதும். இது ஏன்? யாமாயின், ‘தொகுதியிலே மேலிருந்து கீழே செல்லச் செல்ல அயனியாக்கும் ஆற்றல் குறையும், பொட்டாசியம் கீழே உள்ளது’ என எழுதி மதிப்பெண் பெற்றிருப்போம். அங்கே இவ்விடைக்கு மதிப்பெண் இல்லை. எம் தங்கை அதனைச் சொன்னபோது எம்மால் நம்பக் கூடவில்லை. ‘கீழே சென்றாற் குறையும் என்பது நிகழ்ச்சியின் பெயர், அண்ணா, காரணம் அன்று’ என்றாள். பொட்டாசியத்தின் புறத்து எலக்ட்ரான் அணுக்கருவினின்று மேலும் விலகிய நான்காம் கூட்டில் உள்ளது. இடையே நிற்கும் எலக்ட்ரான்கள் கருவின் ஈர்ப்பை மறைக்கின்றன. தொலைவு மிகுந்து ஈர்ப்புக் குறைந்தமையாற் குறைந்த ஆற்றலே அதனை விடுவிக்கப் போதுமாகின்றது. இங்ஙனம் மின்னூட்டத்தையும் தொலைவையும் கொண்டு காட்டினால்தான் விடை விடையாகும். ‘அணு எட்டு எலக்ட்ரான் பெற விரும்புகின்றது’ என நாம் வழங்கும் அழகிய சொற்றொடரும் அங்கே செல்லாது. அணுவிற்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை.

இவ்விடத்திலேதான் எமக்குச் சேனாவரையர் நினைவிற்கு வந்தார். சூத்திரத்தை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பவன் இலக்கணம் கற்றவனாகத் தோன்றுவான். உரையாசிரியரோ அச்சூத்திரத்தின்முன் நின்று ‘என்னை?’ என வினவுவார். இச்சொல் ஈண்டு வேண்டுவது எற்றுக்கு, பிறிதோரிடத்திற் கூறியதனோடு இது மாறுகொள்ளாதோ எனத் தாமே தடை எழுப்பித் தாமே விடையும் கூறுவார். அத்தடையும் விடையும் இன்றிக் கற்ற சூத்திரம் வாயளவே நிற்கும். பள்ளி இரசாயனம் பெரும்பாலும் சூத்திரம் ஓதுதலாகவே இருக்கின்றது. அதனையே கல்லூரிப் பாடமாக்குவது புதுச் சூத்திரங்களைச் சேர்த்தல் அன்று; பழைய சூத்திரத்திற்கு உரை காணுதலே. 2013–14ஆம் ஆண்டிற் பாடத்தைத் திருத்தியபொழுது காலேஜ் போர்டும் இவ்வழியே சென்றது. குவாண்ட எண்களை எலக்ட்ரான்களுக்குக் குறித்துக் காட்டுதல் முதலிய சில பகுதிகளைத் தேர்வினின்று நீக்கினர். ஒளியைப் பாய்ச்சி எலக்ட்ரான்களை வெளியேற்றி, அவை எவ்வளவு ஆற்றலாற் கட்டுண்டிருந்தன என அளந்து காட்டும் நிறமாலையைப் புதிதாகச் சேர்த்தனர். கூடுகள் உள என நூல் சொல்லுவதை ஏற்றுக்கொள்வதற்கு மாறாக, உள என்பதற்குச் சான்றினைக் கண்ணாற் காண்கின்றனர். இம்மாற்றத்தைப் பழைய ஆசிரியர் சிலர் விரும்பவில்லையாம். எமக்கு அது நல்லதாகவே படுகின்றது.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டினைச் சற்று விரித்துரைக்க நண்பர்கள் இசைவார்களாக. நம்முள் அறிவியல் பயின்றோர் யாவரும் தரம்பார்த்தல் என்னும் ஆய்வினைச் செய்தவரே. கூம்புக் குடுவையில் அமிலமும் பினாப்தலீன் சில துளியும் இருக்கும். பியூரெட்டினின்று காரம் துளி துளியாக விழும். வெளிர்சிவப்பு நிறம் தோன்றியதும் குழாயை மூடி அளவைக் குறித்துக்கொள்வோம். நிறம் தோன்றியதோடு நம் வேலை முடிந்தது. அவர்கள் வேலை அங்கேதான் தொடங்குகின்றது.

25 மில்லிலிட்டர் அசெட்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்க. அதன் செறிவு 0.1 மோலார்; சேர்க்கும் சோடியம் ஹைட்ராக்சைடும் அதே செறிவினது. ஒவ்வொரு முறை காரம் சேர்க்குந்தோறும் பி.எச். அளந்து வரைபடம் வரைதல் வேண்டும். பி.எச். என்பது கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் எண். அறை வெப்பத்திற் தூய நீர்க்கு 7. அதனிற் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். ஓரெண் மாறினாற் பத்து மடங்கு மாறியதாகக் கொள்ளல் வேண்டும். தொடக்கத்திற் பி.எச். ஏறத்தாழ 2.9. காரம் சேரச் சேர அது மிக மெல்ல ஏறும், 12.5 மில்லிலிட்டர் சேர்ந்தபோது 4.7 அளவில் நிற்கும். 24 மில்லிலிட்டர் சேர்ந்தபோதும் 6.1 தான். அடுத்த இரண்டே மில்லிலிட்டருக்குள் அது 11.3க்குத் தாவிவிடும். மலைச்சரிவில் நெடுநேரம் நடந்தவன் திடீரெனச் செங்குத்துப் பாறையின்முன் நிற்பது போன்று இவ்வரைபடம் தோன்றும்.

பாதி வழியில் ஏன் அவ்வளவு மந்தமாக ஏறுகின்றது? அவ்விடத்தே அமிலத்திற் பாதி தன் புரோட்டானை இழந்து அசெட்டேட் அயனியாகியுள்ளது. மற்றப் பாதி அமிலமாகவே உள்ளது. காரம் வந்தால் அமிலப்பாதி எதிர்கொள்ளும்; அமிலம் வந்தால் அயனிப்பாதி எதிர்கொள்ளும். இங்ஙனம் இருபுறத்துத் தாக்குதலையும் தாங்கும் கரைசலைத் தாங்கற் கரைசல் என்பர். நம் குருதியின் பி.எச். 7.4ஐ ஒட்டிப் பெரிதும் மாறாது நிற்பதும் இத்தகைய தாங்கலாலேயே. இரண்டு பாதியும் சமமாக நிற்கும் அந்த ஓரிடத்திலே பி.எச். எண்ணைப் பார்த்த அளவில் அவ்வமிலத்தின் வலிமையை அறிந்துகொள்ளலாம். பெயர் தெரியாத அமிலம் ஒன்றைக் கொடுத்து இஃது எவ்வமிலம் எனக் கேட்டால், வரைபடத்தின் நடுவே விரலை வைத்து விடை சொல்லிவிடலாம். இது எமக்கு மாயம் போலவே இருந்தது.

25 மில்லிலிட்டரில் அமிலமும் காரமும் சமமாகச் சேர்ந்தபின் பி.எச். 7 அன்றோ இருத்தல் வேண்டும்? அங்கே 8.7 இருக்கின்றது. அமிலம் முற்றும் அசெட்டேட் ஆயிற்று. அவ்வசெட்டேட் அயனிகளுட் சில நீரினின்று புரோட்டானைத் திரும்பப் பற்றிக்கொள்ளுகின்றன. புரோட்டானை இழந்த நீர் ஹைட்ராக்சைடாகிக் காரத்தன்மையைத் தருகின்றது. ஆதலாலேதான் 8.2க்கும் 10க்கும் இடையே நிறம் மாறும் பினாப்தலீனை இவ்வாய்விற்குப் பயன்படுத்துகின்றோம். 4.4க்குள் தன் நிறமாற்றத்தை முடித்துக்கொள்ளும் மெத்தில் ஆரஞ்சை இட்டிருப்பின், எட்டு மில்லிலிட்டர் சேருமுன்னரே நிறம் முற்றும் மாறி நம்மை ஏமாற்றியிருக்கும். பள்ளியில் யாம் பினாப்தலீனை இட்டது, மேசைமேல் அக்குப்பி இருந்தமையால்.

இங்கே எம் குற்றம் ஒன்றையும் உரைத்தல் கடனாகின்றது. மூன்று முறை தரம்பார்த்து, அளவுகள் ஒத்து வருதல் காட்ட வேண்டும் என்பது விதி. யாமோ ஒரே முறை பார்த்து, அவ்வளவையே மூன்று வரிசையிலும் எழுதினோம். எம் வரிசையில் இருந்தோர் அனைவரும் அவ்வாறே எழுதினர். முன்னாண்டு மாணவரின் ஏட்டைப் பார்த்து ஒருமுறையும் செய்யாது எழுதினோரும் உளர். மூன்று எண்ணும் இம்மியும் பிசகாது நின்றன. யாவரும் முழு மதிப்பெண் பெற்றோம்.

எம் தங்கையின் ஆண்டும் இன்பமாகவே கழிந்தது என எண்ணற்க. கல்லூரியில் இரு பருவம் நடத்தும் பாடத்தை இவர்கள் ஏனைய பாடங்களுக்கு இடையே மே மாதத் தொடக்கத்திற்குள் முடித்தாக வேண்டும். தேர்வு நாடு முழுதும் ஒரே நாளில் நடைபெறுகின்றது. தென்மாநிலப் பள்ளிகள் பல ஆகஸ்டிலேயே திறக்கின்றன. அவள் படித்த வடகிழக்குப் பகுதியிலோ செப்டம்பரிலே திறக்கின்றனர். அக்குறைந்த வாரங்களை இரவிலே ஈடுசெய்ய வேண்டியிருந்தது. தேர்வுக் கட்டணம் ஏறக்குறைய 100 டாலர். வறியவர்க்குக் குறைத்து வாங்குவர். கட்டணத்தைக் குறைத்துவிடலாம், ஆய்வுச்சாலையும் கற்பிக்க வல்ல ஆசிரியரும் இல்லாத சிற்றூர்ப் பள்ளிக்கு அவற்றை எங்கிருந்து கொண்டுவருவது? செல்வர் பள்ளிகள் மூன்றாற் கருக்கொண்ட இம்முறை, எழுபதாண்டு கழிந்தும் அப்பிறப்பின் அடையாளத்தை முற்றும் நீக்கிக்கொள்ளவில்லை. மற்றொரு குறையும் உண்டு. கல்லூரிச் சேர்க்கைக்கு அழகு செய்யும் அணிகலனாக இப்பாடத்தைக் கொள்வோர் பலர். அன்னோர் ‘என்னை?’ என்னும் வினாவிற்குரிய விடைகளையும் உருப்போட்டுவிடுகின்றனர். உரையையும் சூத்திரம் போல ஓதினால் உரையாசிரியர் செய்வது யாது?

ஜூலை மாதத் தொடக்கத்தில் முடிவு வெளியாயிற்று. எம் தங்கை 4 பெற்றிருந்தாள். 3 பெற்றாலே தகுதி என்பர். ஆயினும் கல்லூரிகள் தத்தம் விதியைத் தாமே வகுத்துக்கொள்ளும். சில 4 கேட்கும். சில 5 கேட்கும். சில எவ்வெண்ணிற்கும் கிரெடிட் தாரா. மருத்துவக் கல்விக்குச் செல்வோர் இதனைக் கொண்டு முதலாண்டு இரசாயனத்தைத் தவிர்த்தலை ஏலாத மருத்துவக் கல்லூரிகளும் உள. அவள் சேரவிருந்த கல்லூரி 4க்கு இசைவது. அங்கீகாரம் பெற்றால் முதலாண்டு இரசாயனம் கழியும். அதற்குரிய கட்டணமும் கழியும். அக்கட்டணம் சிறியது அன்று. தொலைபேசியிற் பேசிய சித்தப்பா, ‘கிடைத்ததை விடுவார் உண்டோ?’ என்றார். சித்தியும் அதற்கு இசைந்தார். அவளோ இரண்டு நாள் வாய் திறக்கவில்லை.

அவள் அச்சம் யாதெனப் பின்னர் அறிந்தோம். முதலாண்டைத் தாண்டினால் அடுத்து நிற்பது கரிம இரசாயனம். அதுவோ அவள் கற்ற பாடத்தில் இல்லாதது. ஓராண்டு மூத்த மாணவரிடையே, ஆய்வுச்சாலையில் அவர்கள் கை பழகியிருக்க, இவள் நேரே சென்று நிற்றல் வேண்டும். தான் மெய்யாகவே முதலாண்டைக் கற்றுவிட்டாளா, அன்றி ஒரு தேர்வைக் கடந்தவள்தானா என்பது அவளுக்கே தெளிவாகவில்லை.

அதனைத் தெளியும் வழியும் எமக்குத் தெரியாது. ஆயினும் சேனாவரையரைப் பயின்ற பழக்கத்தால் ஒரு தடையை எழுப்பினோம். அன்று மாலை திண்ணையில் அமர்ந்து, மேலே கூறிய வரைபடத்தைப் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் வரைந்து அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். ‘அசெட்டேட் நீரினின்று புரோட்டானைத் திரும்பப் பற்றி மீண்டும் அமிலமாகின்றது என்றாய். அங்ஙனமாயின் அமிலம் முற்றும் தீர்ந்தது என நீ சொல்லுவது எங்ஙனம் பொருந்தும்? தீர்ந்ததா, தீரவில்லையா?’ எனக் கேட்டோம். அவள் விடை சொல்ல வாயெடுத்தாள், நிறுத்தினாள். தேர்வில் இவ்வாறு கேட்கவில்லை என்றாள். செய்தித்தாளை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரவு அவள் அறையில் விளக்கு நெடுநேரம் எரிந்தது.

மறுநாட் காலை, யாம் பல் துலக்கி முடிக்குமுன்னரே தாளுடன் வந்து நின்றாள். அமிலமும் காரமும் சேரும் வினையின் சமநிலை மாறிலியைக் கணக்கிட்டிருந்தாள். அது நூறு கோடிக்கும் மேற்பட்டது. வினை முற்றுப்பெறுகின்றது என்பதற்குப் பொருள் அதுவே. சமான நிலையில் திரும்பப் புரோட்டானைப் பற்றும் அசெட்டேட் எத்துணை எனவும் கண்டிருந்தாள், பதினாயிரத்தில் ஒன்று. தீர்ந்தது என்பதும் மெய், சிறிது மீள்கின்றது என்பதும் மெய், அச்சிறிதே பி.எச். எண்ணை 7இனின்று 8.7க்கு உயர்த்தப் போதும். தூய நீரில் அவ்வளவு குறைந்த ஹைட்ராக்சைடே உள்ளமையால், பதினாயிரத்தில் ஒன்றும் அங்கே பெருந்தொகை ஆகிவிடுகின்றது. எவரும் சொல்லிக்கொடாத இவ்விடையைச் சொல்லியபோது அவள் முகத்தில் இருந்த மலர்ச்சி, 4 என்னும் எண் வந்த நாளிற் காணப்படவில்லை.

ஆகஸ்டு மாதத்தில் அவள் ஊர் திரும்பினாள். கல்லூரியிற் சேர்ந்தபின் செப்டம்பரில் எமக்குக் கடிதம் எழுதினாள். விரிவுரைப் பகுதிக்குரிய கிரெடிட்டைப் பெற்றுக்கொண்டாளாம். ஆய்வுச்சாலைப் பகுதியை மட்டும் தானே கேட்டு முதலாண்டு மாணவருடன் செய்கின்றாளாம். அதனாற் கட்டணத்திற் பெரும்பகுதி மிஞ்சியமையின் சித்தப்பாவும் அமைதியுற்றார். இங்ஙனம் இரண்டாகப் பிரித்துக்கொள்ள எல்லாக் கல்லூரியும் இடந்தாரா. அவள் கல்லூரியில் விரிவுரையும் ஆய்வும் தனித்தனிப் பாடங்களாக இருந்தமையால் இயன்றது.

அக்கறுப்புக் குறிப்பேட்டை ஆலோசனை கூறும் பேராசிரியர் ஒருவர் கேட்டு வாங்கிப் பார்த்தாராம். ஏடுகளை விரைவாகத் தள்ளிக்கொண்டே வந்தவர், தரம்பார்த்தல் எழுதிய பக்கத்தில் நின்றாராம். அப்பக்கத்தை யாமும் கோடையிற் கண்டிருக்கின்றோம். மூன்று அளவுகள் மையினால் எழுதப்பட்டிருந்தன. இரண்டாவது அளவு மற்ற இரண்டினும் 0.4 மில்லிலிட்டர் மிகுந்திருந்தது. அதன்மேல் ஒற்றைக் கோடு ஒன்று, எண் தெரியும்படியே கிழிக்கப்பட்டிருந்தது. ஓரத்திற் சிறிய எழுத்தில், பியூரெட்டின் நுனியிற் காற்றுக் குமிழி இருந்ததனைப் பின்னரே கண்டதாகவும், நான்காம் முறையும் செய்ததாகவும் எழுதியிருந்தாள்.